உப்பு தின்ற சம்படம்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் கனகம்மாசத்திரம் வரும். ஒரு காலத்தில் யாத்திரைக்காரர்கள் தங்கிப் போக அங்கே சத்திரம் இருந்தது என்பதை ஊர்ப்பேரே சொல்லிவிடும். என் அத்தை வீடு அங்கேதான். ஆந்திர எல்லை அதிக தூரமில்லை என்பதால் வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சாப்பாட்டில் தெலுங்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஒரு சித்திரை மாதம் அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு புரட்சி நடந்தது. பள்ளிக்கூடத்தில் மஞ்சப்பை பற்றிக் கேட்டுவிட்டு வந்த பேத்தி, இனிமேல் வீட்டில் பிளாஸ்டிக்கே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற சாமான்கள்தான். பருப்பு போட்டுவைக்கும் டப்பாவுக்குத் தடை ஏதுமில்லை. ஆனால் எட்டு வயதுப் பேத்தியிடம் அரசாணையின் நுணுக்கம் பேச முடியுமா? அத்தை அலமாரியிலிருந்த டப்பாக்களை எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாள். திருத்தணிக்குப் போய் எவர்சில்வர் சம்படங்களாக வாங்கி வந்து அடுக்கினாள். கல்லுப்புக்கும் ஒரு சம்படம்.

கார்த்திகையில் நான் போனபோது அந்த உப்புச் சம்படம் கிணற்றடியில் கிடந்தது. மழைக்காலம் முழுக்கக் கடப்பைக் கல் அலமாரியில் ஏதோ பழுப்பாக வழிந்துகொண்டே இருந்ததாம். சம்படத்தை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பக்கச் சுவரெல்லாம் பளபளவென்று புதுசாகவே இருந்தது. அடியில் மட்டும், ஊசியால் குத்தியதுபோல ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

“எப்பவும் வெள்ளி மாதிரி இருக்கும்னுதானேடா எவர்சில்வர்னு பேரு வச்சான்? துருவே பிடிக்காதுன்னு வாங்கினா, இது ஓட்டையே விழுந்துடுச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?”

நல்ல கேள்வி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அதாவது, முழுக்க ஏமாற்றவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சட்டை

எவர்சில்வரில் பெரும்பங்கு சாதா இரும்புதான். இரும்பு காற்றும் ஈரமும் பட்டால் துருவாகும். துரு பொருபொருவென்று உதிர்ந்துவிடுவதால் அடியிலிருக்கும் இரும்புக்கு மறைப்பே கிடைப்பதில்லை. அதுவும் துருவாகும், உதிரும், இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

இந்த இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தை நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் கலந்தால் கதை மாறுகிறது. குரோமியமும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு வகைத் துருவாகத்தான் ஆகிறது. ஆனால் அது உதிராது; உலோகத்தின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரு படலமாக மூடிவிடும். இதைக் காவல் படலம் என்று அழைப்போம். அதன் பருமன் ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் நமக்குத் தெரிவது அடியிலிருக்கும் உலோகத்தின் பளபளப்பு மட்டும்தான். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தால் படலம் கீறிப்போகும். அடுத்த கணமே காற்று பட்டுத் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும். கிழியக் கிழியத் தானே தைத்துக்கொள்கிற சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அதற்காக வார்த்த குரோமிய உருக்கு, வினிகரும் எலுமிச்சைச் சாறும் பட்டாலும் கறுக்கவில்லை. ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். துப்பாக்கிக்காகத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்தியாக வெளியே வந்தது.

ஆக, எவர்சில்வர் புளிப்புக்கு ஓரளவு தாங்கும். அத்தையின் சம்படத்தை அழித்தது புளிப்பு இல்லையே.

உப்பு தோண்டுகிற கிணறு

சாப்பாட்டு உப்பு சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. இதில் குறும்புக்காரர் குளோரைடு. காவல் படலத்தில் எங்கே பலவீனம் என்று தேடிக் கண்டுபிடித்து நுழைவதில் அதற்கு இணையில்லை. உருக்கு வார்க்கும்போது எங்கோ துளியூண்டு கசடு ஒட்டியிருக்கும். அங்கே படலம் சரியாகப் படிந்திருக்காது. அதுதான் குளோரைடுக்கு வாசல்.

காய்ந்த உப்பு இதைச் செய்யாது, ஈரம் வேண்டும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு என்ற இன்னொரு உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிப்பது அதன் சுபாவம். மழைக்காலத்தில் உப்பு ‘தண்ணி விட்டுக்கொள்வது’ இதனால்தான். அந்த உப்புத் தண்ணீர் அடியில் தேங்கி, கல்லுப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு நிற்கும்.

இனி நடப்பதுதான் விசேஷம். ஒரு புள்ளியில் படலம் உடைந்து குட்டிக் குழி விழுகிறது. படலம் மறுபடி தைத்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். குழிக்குள் இருந்த கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோயிற்று. மேலே உப்புக்கல் மூடிக்கொண்டிருப்பதால் புதுக் காற்று உள்ளே வராது. கரைந்த உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து, குழிக்குள் இருக்கும் சொட்டுத் தண்ணீரை அமிலமாக்குகிறது. அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது. கரையக் கரைய வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, குழி தன்னைத் தானே தோண்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பரவாது, நேரே கீழே கிணறு வெட்டுவதுபோல இறங்கும். இதற்குக் குழியரிப்பு என்று பேர் வைக்கலாம். சுவரெல்லாம் பளபளவென்று இருக்க, அடியில் மட்டும் ஊசி ஓட்டை விழுந்தது இதனால்தான்.

அப்படியானால் உப்புப் போட்ட சாம்பாரை எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கக்கூடாதா என்று அத்தை கேட்டாள். தாராளமாக வைக்கலாம். சாம்பார் அரை நாளில் தீர்ந்து பாத்திரம் கழுவப்பட்டுவிடும். அதில் உப்பும் குறைவு. குழி விழ ஆரம்பிக்கவே அதற்குள் நேரம் போதாது. இதே சம்படத்தில் பருப்பு போட்டிருந்தால் பேத்திக்குச் சீதனமாகக்கூடக் கொடுத்திருக்கலாம். எதில் வைக்கலாம் என்ற கேள்விக்கு ‘எத்தனை நாள்’ என்ற இன்னொரு கேள்வியும் துணைக்கு வந்தாக வேண்டும்.

காந்தம் சொல்லாதது

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். நல்ல எவர்சில்வரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். 304 என்பது அதன் எண். நிக்கல் விலை கூடியது. அதனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டு, குரோமியத்தையும் சற்றுக் குறைத்து வார்க்கிற மலிவு ரகங்கள் உண்டு. 200 வரிசை என்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. குளோரைடுக்கு மட்டும் தெரியும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. நிக்கல் கலந்த எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். மாங்கனீசு கலந்த மலிவு ரகத்தையும் அது இழுக்காது என்பதும் உண்மை. போதாக்குறைக்கு, அசல் 304 தகட்டையே ஆழமாக அழுத்திப் பாத்திரமாக்கும்போது வளைவுகளில் லேசாகக் காந்தம் ஒட்டத் தொடங்கும். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது வீண் அலைச்சல். பாத்திரத்தின் அடியில் ரக எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கான தர எண் ஐஎஸ் 14756. இந்த முத்திரையை 2024-இல் மத்திய அரசு கட்டாயமாக்கியது.

ஆனால் 304-ஆகவே இருந்தாலும் கல்லுப்புக்கு அது இடமில்லை. இன்னும் சில மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

மஞ்சள் கறை போகாத டப்பா

“அப்போ அந்தப் பிளாஸ்டிக் டப்பாவே தேவலையா இருந்துச்சே” என்றாள் அத்தை.

உப்பைப் பொறுத்தவரை ஆமாம். பிளாஸ்டிக் டப்பாவின் சிக்கல் வேறு இடத்தில். மத்தியானம் குழம்பு எடுத்துப் போன பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை தேய்த்தாலும் மஞ்சள் கறை போவதில்லை. எவர்சில்வர் டப்பாவில் ஒரு தேய்ப்பில் போய்விடுகிறதே, ஏன்?

பிளாஸ்டிக் செய்வது பெட்ரோலியத்திலிருந்து. அதன் மூலக்கூறுகள், சமையல் எண்ணெயின் மூலக்கூறுகளுக்குத் தூரத்து உறவு. எண்ணெயில் கரைகிற பொருளுக்குப் பிளாஸ்டிக் அந்நிய வீடு இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே போகும். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆகவே குழம்பின் எண்ணெயோடு சேர்ந்து டப்பாவின் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் தேய்ப்பது மேற்பரப்பை. கறை இருப்பதோ உள்ளே. பெருங்காய டப்பாவின் பக்கத்தில் வைத்த சர்க்கரை மணப்பதும் இதே கதைதான். வாசனை மூலக்கூறுகள் பிளாஸ்டிக் சுவரை மெல்ல ஊடுருவி அந்தப் பக்கம் வந்துவிடும்.

உள்ளே போக வழி இருந்தால் வெளியே வரவும் வழி இருக்கும். பிளாஸ்டிக்கை மிருதுவாக்க, உழைக்க வைக்க, நிறம் கொடுக்க என்று சேர்க்கிற சரக்குகள் எண்ணெயும் சூடும் கண்டால் மெதுவாகச் சாப்பாட்டுக்குள் இறங்கும். சூடு இதை வேகப்படுத்தும். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பாலிப்ரோப்பிலீன் பால் புட்டியில் 70 டிகிரிச் சூட்டுத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் நுண்துகள்கள் வரை உதிர்கின்றன. அந்தத் துகள்கள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பிஸ்பீனால்-ஏ விஷயத்தில் அப்படி இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கும் அந்தப் பொருளை உணவுப் பாத்திரங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை போட்டுவிட்டது.

எனக்குத் தோன்றுவது இது: காய்ந்த துவரம்பருப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தவர் பயந்து சாக வேண்டியதில்லை. சூடான சாம்பாரைப் பாலிதீன் கவரில் கட்டி வாங்கி வருகிறவர் கொஞ்சம் பயப்படலாம். ஹோட்டலுக்குத் தூக்குவாளி எடுத்துப் போக வெட்கப்படுகிற தலைமுறை எப்படி உருவானது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

ஆயிரம் வருஷச் செம்பும் ஒரு ராத்திரித் தயிரும்

பிளாஸ்டிக் வேண்டாம் என்றதும் பலர் நேரே பாட்டி காலத்துக்குப் போய்விடுகிறார்கள். செம்பு, பித்தளை என்று பரண்மேல் இருந்தவை எல்லாம் கீழே இறங்குகின்றன. பழசு எல்லாம் நல்லது என்ற நினைப்பு.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு. அங்கே 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் மொத்தம் 31. எழுதி ஆயிரம் வருஷம் ஆகியும் எழுத்து படிக்க முடிகிறது. செம்பும் தனக்கென்று ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் என்பதால் இது சாத்தியமானது. ஆனால் ஆயிரம் வருஷம் தாங்கிய அதே செம்பில் ஒரு ராத்திரி தயிரை வைத்துப் பாருங்கள். காலையில் ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். தயிரின் புளிப்பு அந்தப் படலத்தைக் கரைத்து, அடியிலிருக்கும் செம்பையும் கரைத்துத் தயிரில் கலந்துவிடுகிறது. சாப்பிட்டால் வாந்திதான்.

இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. புளி பட்டதும் பித்தளை பளிச்சென்று ஆகிறது என்றால் அதன் மேல்தோலைப் புளி கரைத்து எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். விளக்கைப் பளபளப்பாக்குகிற அதே வேலையைப் புளிக்குழம்பு பாத்திரத்துக்குள் சத்தமில்லாமல் செய்யும்.

பாட்டிகளுக்கு இது தெரியும். அதனால்தான் தெருவில் ‘ஈயம் பூசறதேய்’ என்று குரல் கேட்டதும் பித்தளைப் பாத்திரங்கள் வாசலுக்கு வந்தன. ஈயம் பூசுகிறவர் தரையில் குழி பறித்துத் துருத்தி வைத்துக் கரி மூட்டி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும். ஈயத்தை உள்ளே ஒரு தேய்ப்புத் தேய்த்து, பஞ்சால் சுற்றி ஒரு துடைப்பு. பழுப்பாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாகும். தெருப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்த காட்சி இது.

இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. பூசுகிற ஈயமும் ரசத்துக்கான ஈயச்சொம்பும் வெள்ளீயம்; சாப்பாட்டுக்கு அது பாதகமில்லை. பள்ளிப் பாடப்புத்தகம் ‘ஈயம்’ என்று சொல்வது காரீயத்தை, அது விஷம். காரீயம் விலை மலிவு, வெள்ளீயத்தோடு சுலபமாகக் கலக்கும். அறிமுகமில்லாத இடத்தில் விலை குறைவாகக் கிடைக்கிற ஈயச்சொம்பை நான் வாங்கமாட்டேன்.

ஆவக்காய்க்கு ஒரு சுயம்வரம்

வைகாசியில் அத்தை போன் செய்தாள். “மாங்கா வந்துடுச்சு. ஆவக்காய எதுல போடறது, வந்து சொல்லு.” வீட்டிலிருந்த பழைய ஜாடியைப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்த காலத்திலேயே யாருக்கோ கொடுத்தாயிற்று.

பாத்திரத்துக்குப் பரீட்சை வைக்க ஆவக்காயைவிடக் கடினமான கேள்வித்தாள் கிடையாது. என்னென்ன போகிறது பாருங்கள். ஓட்டோடு வெட்டிய புளிப்பு மாங்காய் நாலு படி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு மூன்றும் தலைக்கு ஒரு படிக்குச் சற்றுக் குறைய, கொஞ்சம் வெந்தயம், எல்லாம் மூழ்க நல்லெண்ணெய். புளிப்பு, உப்பு, எண்ணெய், சாயம் நாலும் ஒரே இடத்தில். அதுவும் ஒரு வருஷத்துக்கு.

உள்ளே நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கலந்து வைத்த அன்றே உப்பு தன் வேலையைத் தொடங்கும். மாங்காய்த் துண்டுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். மூன்றாம் நாள் திறந்தால் துண்டுகள் சுருங்கியிருக்கும், அடியில் சாறு நிற்கும், எண்ணெய் மேலே வந்திருக்கும். அத்தை அன்றைக்குத்தான் அடியோடு ஒரு கிளறு கிளறுவாள். கிருமிகளுக்கும் இதே கதிதான். அவற்றின் உடம்புத் தண்ணீரையும் உப்பு உறிஞ்சிவிடும். தப்பித்ததைப் புளிப்பு பார்த்துக்கொள்ளும். மேலே நிற்கிற எண்ணெய் காற்றை அடைத்து, பூஞ்சைக்கு மூச்சு விட இடமில்லாமல் செய்யும். ஆக, ஆவக்காய் என்பது அடியில் உப்பு கலந்த அமிலம், மேலே எண்ணெய். இதைத் தாங்குகிற பாத்திரம் வேண்டும்.

எவர்சில்வர் வாசலிலேயே நின்றுவிட்டது. உப்புச் சாறு அடியில் தேங்கி, துண்டுகள் அதை அழுத்திக்கொண்டு, காற்றும் இல்லாமல்: குழியரிப்புக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. பித்தளைக்கு அழைப்பே இல்லை. அலுமினியமும் படலத்தை நம்பி வாழ்கிற உலோகம்தான். அந்தப் படலம் புளிப்பில் கரையும். பிளாஸ்டிக், எண்ணெயையும் மிளகாய்ச் சாயத்தையும் குடித்துவிட்டுத் தன் சரக்கைக் கொடுக்கும்.

மண்பானை இயற்கையானது ஆயிற்றே என்றாள் பேத்தி. மண்பானையின் பெருமையே அதன் நுண்துளைகள்தான். தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. தயிர் தோய்த்தால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கெட்டியாக்கும். ஊறுகாயை வைத்தால் அதே துளைகள் வழியே எண்ணெய் வெளியே வந்து பானை பிசுபிசுக்கும். உப்புத் தண்ணீர் துளைக்குள் போய்க் காய்ந்து கல்லாகும். கல்லாகும்போது பருத்து, மண்ணை உள்ளிருந்தே பிளக்கும். பழைய வீட்டுச் சுவர் அடியில் உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். புளிப்பும் எண்ணெயும் உப்பும் ஏறிய துளையைக் கழுவிச் சுத்தம் செய்யவும் முடியாது.

மிச்சம் இருவர்: கண்ணாடியும் பீங்கானும்.

கண்ணாடி கிட்டத்தட்ட எதோடும் உறவு வைத்துக்கொள்ளாத சந்நியாசி. அமிலமோ உப்போ எண்ணெயோ எதுவும் அதைக் கரைக்காது, எதுவும் உள்ளே போகாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்ப்பொடி போட்டுவைத்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சூடுதான் ஆகாது. கொதிக்கிற ரசத்தைச் சாதாரணக் கண்ணாடியில் ஊற்றினால் உட்புறம் சட்டென்று விரியும், வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், இழுபறியில் படீர். போரான் கலந்த கண்ணாடி மூன்றில் ஒரு பங்குதான் விரியும் என்பதால் தாங்கும். 1915-இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரில் அடுப்பங்கரைக்கு வந்தது அந்த வகைதான். ஆவக்காய் சூடாக உள்ளே போவதில்லை, ஆகவே இந்தக் கவலை இல்லை.

கண்ணாடியின் குறை அதன் அழகிலேயே இருக்கிறது: வெளிச்சத்தை உள்ளே விடும். எண்ணெயில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சிக்கு வாடை சீக்கிரம் வரும், மிளகாயின் சிவப்பும் வெளுக்கும். இன்னொன்று மூடி. பாட்டில் கண்ணாடியாக இருந்தாலும் மூடி தகரம். அதன் உள்பூச்சு விட்ட இடத்தில் ஊறுகாயின் ஆவியும் உப்பும் பட்டுத் துருப்பிடித்து உள்ளே உதிரும். பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் மூடியை மறந்துவிடுவது வழக்கம்.

மாலை பீங்கான் ஜாடிக்கு. மண்பானையும் மண்தான், ஜாடியும் மண்தான். வித்தியாசம் நெருப்பில் இருக்கிறது. பானை வேகிற சூளையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தொடுவதில்லை. ஜாடி வேகிற சூளை 1,200 டிகிரியை ஒட்டி எரிகிறது. அந்தச் சூட்டில் களிமண்ணில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். மேலே பூசுகிற மெருகும் ஒரு வகைக் கண்ணாடியே. ஆக, ஜாடி என்பது வெளிச்சம் புகாத கண்ணாடிப் பாத்திரம். மூடியும் அதே பீங்கான். மேலே வெள்ளைத் துணியால் வேடு கட்டினால் தூசி, எறும்பு போகாது.

அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “இத்தனை சொல்லிட்டுக் கடைசியில ஜாடிதானா? இது எங்க அம்மாவுக்கே தெரியுமே.”

தெரியும். ஏன் என்பதுதான் விட்டுப்போயிருந்தது. ஏன் என்று தெரியாததால்தான் பிளாஸ்டிக் வந்ததும் ஜாடியைத் தூக்கிக் கொடுத்தோம்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

ஆனாலும் கடையில் ஜாடி மாதிரி இருப்பதெல்லாம் ஜாடி ஆகிவிடாது. பீங்கான் மெருகில் காரீயம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளவென்று படியும், விறகு மிச்சம். அப்படிச் சுட்டதில் புளிப்பை ஊற்றினால் காரீயம் கரைந்து வரும். மெக்சிகோவில் தலைமுறை தலைமுறையாகக் காரீய மெருகு போட்ட மண்பாத்திரத்தில் சமைத்த குடும்பங்களின் ரத்தத்தில் காரீயம் கூடியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. 1,200 டிகிரிச் சூளைக்குக் காரீயத்தின் உதவி தேவைப்படுவதில்லை.

சூளையின் சூட்டைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஜாடியைக் கவிழ்த்தால் அடி விளிம்பில் மெருகு பூசாத ஒரு வளையம் இருக்கும். விரலை நனைத்து அங்கே ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு அப்படியே நின்றால் மண் நன்றாக வெந்திருக்கிறது. உறிஞ்சிக்கொண்டு கறுத்தால் அது மெருகு பூசிய மண்பானை, ஊறுகாய்க்கு வேண்டாம். விரலால் சுண்டிப் பார்ப்பதும் உண்டு. நன்றாக வெந்தது கணீர் என்னும். வேகாததும் விரிசல் விட்டதும் பொத்தென்று சொல்லும். உள்புறம் பூப்போட்ட, சிவப்பு மஞ்சள் சாயம் பூசிய ஜாடியைப் பொம்மைக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே மெருகில் மயிரிழை விரிசல் வலைபோல ஓடுகிறதா என்றும் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

திருத்தணிக் கடையில் அத்தை நாலு ஜாடியைக் கவிழ்த்துச் சொட்டு வைத்தாள். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு தானும் குனிந்து பார்த்தார். மூன்றாவது ஜாடி சொட்டைக் குடித்துவிட்டது. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருந்த பழைய பாணி ஜாடி ஒன்றில் சொட்டு முத்துப்போல நின்றது. அதையும், உப்புக்கென்று சின்னதாக இன்னொன்றையும் வாங்கினாள்.

மிச்ச சாமான்களுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. அரிசி, பருப்பு, ரவைக்கு எதிரி வேதியியல் இல்லை, வண்டு. எவர்சில்வர் டிரம்மோ தகர டின்னோ போதும். வெயிலில் காயவைத்து, ஆறியபின் விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் வண்டுக்குக் காற்று மிஞ்சாது. புதுப்புளியை உப்புப் போட்டு உருட்டி வைப்பதால் அதுவும் ஜாடிக்கே. பெருங்காயம், காப்பிப்பொடி கண்ணாடியிலோ சின்ன எவர்சில்வர் டப்பாவிலோ. பேத்தி கடையில் பிடிவாதம் பிடித்த ‘மூங்கில்’ டப்பாவை மட்டும் நான் தடுத்துவிட்டேன். மூங்கில் தூளை மெலமைன் பிளாஸ்டிக்கில் குழைத்து அச்சில் வார்த்த பண்டம் அது. ஃபார்மால்டிஹைடு இறங்குகிறது என்று இந்த ரகத்தைச் சந்தையிலிருந்து அகற்ற ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் நடவடிக்கை எடுத்தது. பச்சை இலைப் படம் போட்டதெல்லாம் பச்சையில்லை.

ஆவக்காய் ஜாடிக்குள் போயிற்று. கடைசியாக அத்தை ஜாடியின் கழுத்தை நல்லெண்ணெய் நனைத்த துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, மூடி, வேடு கட்டி, அடுப்பங்கரையின் இருட்டு மூலையில் வைத்தாள்.

கிணற்றடியில் கிடந்த பழைய உப்புச் சம்படத்தை நாலு தடவை கழுவி, மண் நிரப்பி, கற்பூரவல்லிக் கொம்பு ஒன்றை நட்டிருந்தாள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடுகிற வேலை மிச்சம். ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உப்பத் தின்னுச்சு இல்ல, குடிக்கட்டும்.”